என் மேல் மனு கொடுத்தவருக்கு

தம்பி,

இன்று காலையில் தறிக்குடோனின் கிழக்குச் சுவரிலிருந்து மூன்றாவது மடிப்புப் பலகையைக் கழற்றினேன். மாதம் ஒருதரம் கழற்றித் தட்டாவிட்டால் பள்ளமெல்லாம் பஞ்சு அடைத்துக்கொள்ளும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். துடைப்பத்தால் தட்டிவிட்டு, ஓரம் பிரிந்திருக்கிறதா என்று முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன். பசை வாசம் வந்தது. எந்தச் சட்டை போட்டாலும் உங்கள் மேலிருந்து வருமே, அதே ரெக்சின் பசை. பலகையை மடியில் வைத்து ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினேன். பின்னால் எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது.

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. காரியத்தன்றைக்கே உங்கள் ஒரம்பரைச் சொந்தக்காரர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "மனு குடுத்தவரே போயிட்டாருங்க. இனி எதுக்குங்க செவுத்துல இந்தக் குப்பையெல்லாம்? கழட்டி வீசிப்போட்டு சுண்ணாம்பு அடிங்க."

நான் கழற்றி வீசவில்லை. வீசவும் மாட்டேன். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எனக்கு எழுத்துத் தெரியாது, அது உங்களுக்கே தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். எழுதி வைக்கத் தெரியாதவன் எதையும் மறக்கக் கூடாது என்றுதான் நான் எல்லாவற்றையும் ஞாபகத்தில் வைத்திருக்கிறேன். என் பக்கத்துத் தப்பையும் சேர்த்து.

நீங்கள் இடம் பார்க்க வந்த நாள், மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் கரண்டை நிறுத்தும் நாள். காலை ஒன்பதுக்குப் போனால் சாயந்தரம்தான் வரும். தறியெல்லாம் செத்துக் கிடந்தது. நான் குடோன் வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தேன். தரகர் நாள் பார்த்துத்தான் உங்களைக் கூட்டிவந்திருக்க வேண்டும். நீங்கள் காலி மனையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டீர்கள். வேப்பமரத்தில் குயில் ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

"ஏனுங்ணா, இங்க நெம்ப அமைதியா இருக்குமாட்ட இருக்குதுங்க?"

"இன்னைக்கு அமைதிங்க" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் குடோனுக்குள் எட்டு விசைத்தறி இருக்கிறது, நாளைக்கு ஆறு மணிக்கு ஓடும் என்று சொல்லியிருக்கலாம். கேட்காததை எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டேன். முகம் தெரியாத ஆளின் வியாபாரத்தைக் கெடுக்கக் கூடாது என்று நமக்கு ஒரு மரியாதை. அந்த மரியாதையில் நீங்கள் ஏமாந்தீர்கள்.

வீடு கட்டும்போது வேலையாட்களிடம் சத்தத்தை விசாரித்திருக்கலாமே என்று பிற்பாடு கேட்டேன். "போன்ல கேட்டதக் கட்டடச் சத்தம்னு நெனச்சுக்கிட்டனுங்க. நான் வாரத்துக்கு ஒருக்கா, ஞாயித்துக்கெழமைதான வந்தேன்" என்றீர்கள். ஞாயிறு தறிக்கு லீவு. பால் காய்ச்சியதும் ஞாயிற்றுக்கிழமைதான். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நான் சுவிட்சைப் போட்டேன். ஆறு ஐந்துக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றீர்கள். நீங்கள் கத்தியது ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் உதட்டைப் பார்த்து எனக்குப் புரிந்தது. வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன்.

"ஏனுங்ணா, இது எப்பங்க நிக்கும்?"

"கரண்டு போனா நிக்குமுங்க."

"கரண்டு எப்பங்க போகும்?"

"மாசத்துக்கு ஒருக்காங்க. நீங்க எடம் பாக்க வந்தீங்களே, அந்த மாதிரி ஒரு நாளு."

என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். "நெம்ப நல்லவருங்க நீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனீர்கள். என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். இவ்வளவு மரியாதையாக யாரும் திட்டியதில்லை.

இரண்டு வாரம் கழித்து நேராக என் வீட்டுக்கு வந்தீர்கள். "அண்ணா, உங்க மேல கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்துப்போட்டு வாரேனுங்க. அடுத்தவங்க சொல்லித் தெரியறதுக்கு முன்னால நானே சொல்லீரலாம்னு வந்தேன்."

"குடுங்க. காப்பி குடிக்கறீங்களா?"

"குடிக்கறனுங்க."

எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம். டம்ளரைக் கழுவி வைக்கும்போது என் சம்சாரம் ருக்குமணி கேட்டாள்: "மனு குடுத்தவருக்குச் சக்கரை எத்தனை போட்டேன்னு கேட்டீங்களா? ஒண்ணுமே போடல." நீங்கள் முகம் சுளிக்காமல் குடித்திருந்தீர்கள்.

உங்கள் வீட்டம்மாவைப் பற்றி அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்தது ஒரு மத்தியானம். சாப்பாட்டு நேரத்துக்குத் தறியை நிறுத்திவிட்டு ருக்குமணி வெளியே வந்தாள். உங்கள் வாசலில் அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து என்னவோ சொல்கிறார். குரல் குழறிக்குழறி வருகிறது. நீங்கள் குனிந்து, "தண்ணியா? கால் வலிக்குதா? டிவி போடட்டுமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறீர்கள். அந்த அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ருக்குமணி கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றே சொன்னாள்:

"ஏனுங்க, அக்கா ஃபேனை நிறுத்தச் சொல்றாங்க. குளுருதாமா."

நீங்கள் ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினீர்கள். அந்த அம்மா தலையை ஆட்டி ஆட்டி அழுதார். பக்கவாதம் வந்து நான்கு மாதம், பேச்சு போய்விட்டது, கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்புகிறது என்று அன்றைக்குத்தான் சொன்னீர்கள். ருக்குமணிக்கு எப்படிப் புரிந்தது என்று உங்களுக்கு ஒரே ஆச்சரியம். அதில் ஒன்றுமில்லை. தறிச் சத்தத்தில் யார் பேச்சும் காதில் விழாது. முப்பது வருசமாக நானும் அவளும் குடோனுக்குள் உதட்டைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறோம், சண்டையும் போட்டிருக்கிறோம். எதிரே நின்று பார்க்க நேரம் ஏது, பக்கவாட்டில் பாதி உதடு தெரிந்தால் போதும். உங்கள் வீட்டம்மாவுக்கு ஒரு பக்கம் உதடு இழுத்துக்கொண்டிருந்தது. மறுபக்கம் நன்றாகத்தான் பேசியது.

அன்றைக்குப் பிற்பகல் குடோனுக்கு வந்தீர்கள். என்னை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனீர்கள்.

"மனுவ வாபஸ் வாங்க மாட்டனுங்க அண்ணா. அவ பேசறது அவ காதுக்கே கேக்கோணும். அப்பத்தான் வார்த்தை திரும்புமுன்னு டாக்டரு சொல்லீட்டாரு. உங்க தறிச் சத்தத்துல அவளுக்கு அவ கொரலே கேக்கறதில்லைங்க."

"செரிங்க" என்றேன்.

"ஆனா உங்க தறிய நிறுத்தவும் உட மாட்டனுங்க. இதுல நாலு குடும்பம் சாப்பிடுது."

"ரெண்டும் எப்படிங்க நடக்கும்?"

"எனக்கும் தெரியாதுங்க. நடத்தோணும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. மனு கொடுத்தவன் விரோதி, கொடுக்காதவன் வேண்டியவன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு பக்கமும் நிற்பேன் என்கிற ஆளை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. அடுத்த வாரம் நோட்டீஸ் வந்தது. மருமகள் படித்துச் சொன்னாள். நாற்பத்தைந்து நாளில் சத்தத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் மின் இணைப்பைத் துண்டிப்பார்களாம்.

முட்டை அட்டை அடித்தால் சத்தம் நிற்கும் என்று யாரோ சொன்னார்கள் என்று சுவர் முழுக்க அடித்தேன். சத்தம் அப்படியே இருந்தது. எலிதான் சந்தோசமாக இருந்தது. நீங்கள் வந்து பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை, அது இன்னும் அவமானமாக இருந்தது. மறுநாள் ஆட்டோவில் ஒரு மூட்டை வந்திறங்கியது.

நீங்கள் முப்பத்தாறு வருசம் பார்த்த வேலை என்னவென்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கணபதிப் பக்கம் ஒரு பட்டறை. கிரைண்டிங் மெஷின், லேத்து மெஷின் இதுகளுக்கெல்லாம் மடிப்பு உறை செய்வது. மெஷின் நகர்ந்தால் உறையும் துருத்தி மாதிரி நீளும், திரும்பினால் சுருங்கும், இரும்புத்தூள் உள்ளே போகாது. மூட்டையில் இருந்தது அந்தப் பட்டறையின் வெட்டுத் துண்டுகள். வெல்டிங் பொறி பட்டாலும் தீப்பிடிக்காத துணி. "பஞ்சு பறக்கற எடத்துல தீப்பிடிக்காத சாமானம்தான் வேணுமுங்க" என்றீர்கள். இருபது வருசம் முன்னால் பஞ்சில் தீப்பிடித்து வெந்து போன ஒரு குடோனைப் பார்த்தவன் நான். அந்த ஒரு பேச்சில்தான் உங்களை நம்பினேன்.

முதலில் பசை போட்டுத் துணியைப் பலகை மாதிரி விறைப்பாக்கி, நேர்நேராக மடித்தீர்கள். சுவரில் மாட்டி, தறியை ஓட்டி, உங்கள் வீட்டு அறையில் போய் நின்று கேட்டோம். தறியில் குறுக்கே ஓடும் நாடா அடிக்கிற 'டக்கு டக்கு' கொஞ்சம் மழுங்கியிருந்தது. அடியில் 'தும் தும்' என்று கட்டை இடிக்கிறது அப்படியே வந்தது. என் காது பாதி செத்தது. அதனால் உள்ளங்கையை உங்கள் சுவரில் வைத்துப் பார்த்தேன். கைக்குள் தறி ஓடியது.

"இன்னும் இருக்குதுங்க" என்றேன்.

"எனக்குத் தெரியுமுங்க" என்று கழற்றினீர்கள்.

எத்தனை தடவை கழற்றினீர்கள் என்று எண்ணவில்லை. பிறகு ஒருநாள் மடித்த மடிப்பையே குறுக்கே மடித்தீர்கள். மேடும் பள்ளமும் வளைந்து வளைந்து போனது. ஒரு மூலையைப் பிடித்துத் தள்ளினால் நீளமும் சுருங்கியது, அகலமும் சுருங்கியது. ருக்குமணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்னுங்க இது? கொசுவத்துக்கே கொசுவம் வெக்கறீங்களாட்ட இருக்குது?"

"அதேதானுங்க அம்மணி! சத்தம் உள்ள போச்சுன்னா வந்த வழி தெரியக் கூடாது."

பொடிப்பொடியாகத் துளை போட்டீர்கள். சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி மாட்டினீர்கள். சன்னலை அடைத்தால் எனக்குச் சூட்டில் நூல் அறும் என்று நான் சண்டை போட்டேன். அதற்கும் பலகையைச் சாய்த்து வைத்து, பாலக்காட்டுக் காற்று உள்ளே வரவும் சத்தம் முட்டி முட்டித் திரும்பவும் வழி பண்ணினீர்கள். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு கயிறு. இழுத்தால் மடிப்பு நெருங்கும், விட்டால் விரியும். விரித்து வைத்தால் நாடாச் சத்தம் குறைந்தது. நெருக்கினால் பள்ளம் ஆழமாகி, அந்த இடிச் சத்தம் குறைந்தது. இரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்று உங்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

தீர்ப்பு உங்கள் வீட்டம்மாவுடையது. அவரை அறையில் உட்காரவைத்து, நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குடோனில் நிற்பேன். நடுவே நீங்கள். சத்தம் உறுத்தினால் அந்த அம்மா இடது கையைத் தூக்குவார், நீங்கள் எனக்குக் கையைத் தூக்குவீர்கள், நான் இழுப்பேன். மூன்று பேரும் நாள் முழுக்க இப்படிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டுப் பால்காரர் கேட்டார், "என்னுங்க, பஸ்ஸை நிறுத்தறீங்களா?" என்று. ஒரு தடவை அந்தக் கை மேலே வரவே இல்லை. வெகுநேரம் வரவில்லை. அந்த இடத்தில் கயிற்றில் சிவப்பு நூல் கட்டினேன். இன்னும் இருக்கிறது.

நாற்பத்துநான்காம் நாள் அதிகாரி வந்தார். கையில் ஒரு சின்ன மீட்டர். பேரைச் சொல்ல மாட்டேன், இப்போது எங்கேயோ மாறிப்போய்விட்டார். குடோனுக்குள் நின்று மடிப்புகளை விரலால் தட்டிப் பார்த்தார்.

"எந்தக் கம்பெனி போட்டது?"

"நாங்கதானுங்க" என்றீர்கள்.

"இன்ஜினியர் யாரு?"

"நான் எட்டாங்கிளாசுங்க. அண்ணனுக்குப் பள்ளிக்கூடமே தெரியாதுங்க."

"டெஸ்ட் சர்ட்டிபிகேட்?"

அது எங்களிடம் இல்லை. சர்ட்டிபிகேட் இல்லாமல் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது, மனுதாரர் வீட்டில் அளந்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கப் பரிந்துரை எழுதுவேன் என்றார் அதிகாரி. பரிந்துரை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது, துண்டிப்பது தெரியும். மூன்று பேரும் உங்கள் வீட்டுக்குப் போனோம். தறி எட்டும் ஓடிக்கொண்டிருந்தது, ருக்குமணி பார்த்துக்கொண்டாள். அதிகாரி மீட்டரைப் பார்த்துக்கொண்டே விறுவிறுவென்று அறைக்குள் நடந்தார்.

"செருப்பு."

எல்லோரும் நின்றோம். உங்கள் வீட்டம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"செருப்பக்... கழட்டிட்டு... வாங்க."

அதிகாரி பதறிப்போய், "மன்னிச்சுக்கங்கம்மா" என்று வாசலுக்கு ஓடிச் செருப்பைக் கழற்றினார். நீங்கள் அசையவில்லை. ஆறு மாதத்தில் அந்த அம்மா முழுசாகச் சொன்ன முதல் பேச்சு அது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அதிகாரி திரும்பி வந்ததும் நீங்கள் மெதுவாகக் கேட்டீர்கள்.

"சார், அவ சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சு."

"வாசப்படியில இருந்தே கேட்டுச்சுங்களா?"

"கேட்டதனாலதான கழட்டுனேன்."

"எட்டுத் தறி ஓடுதுங்க சார். அத எழுதிக்குங்க."

"அதெல்லாம் ஃபாரத்துல எழுத முடியாதுங்க."

"ஏனுங்க? அந்த டப்பாவுக்கு மட்டும்தான் காதுங்களா? நாந்தானுங்க மனுதாரர். என் மனுவுல என்ன கேட்டேன்? என் சம்சாரம் பேசறது அவளுக்குக் கேக்கோணும்னு கேட்டேன். உங்களுக்கே கேட்டுப்போச்சு. இதுக்கு மேல கரண்டை வெட்டுனீங்கன்னா, நாளைக்குக் காலையில உங்க மேல மனு குடுப்பனுங்க."

அவ்வளவும் மரியாதையாகத்தான் சொன்னீர்கள். அவர் மீட்டரைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், கடைசியில் வெறுங்காலைப் பார்த்தார். 'மறு ஆய்வுக்கு' என்று எழுதிவிட்டுப் போனார். அந்த மறு ஆய்வு இன்றுவரை வரவில்லை. கரண்டும் இன்றுவரை போகவில்லை, மாதத்துக்கு ஒருநாளைத் தவிர.

அப்புறம் கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்ததே, ஞாபகம் இருக்கும். போனில் படம் காட்டியது. ஜப்பான்காரர்கள் காகிதம் மடிக்கிற மாதிரி பலகையை மடித்து, விரித்து, எந்தச் சத்தத்தை நிறுத்துவது, எந்தச் சத்தத்தை விடுவது என்று வெளிநாட்டில் ஆராய்ச்சி பண்ணுகிறார்களாம். "இது என்ன தியரின்னு செஞ்சீங்க?" என்று உங்களைக் கேட்டது. "எங்கூட்டுக்காரி கையத் தூக்குற தியரிங்க" என்றீர்கள். அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டது.

இனி இப்போதைய சங்கதி. குடோனுக்கு மேற்கே இருந்த சோளக்காட்டை மனை போட்டு விற்றுவிட்டார்கள். முதல் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. அந்தப் பக்கச் சுவரில் மடிப்புக் கிடையாது, தேவைப்படவில்லை. போன வாரம் அந்த வீட்டுப் பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டருகில் நின்றிருந்தது. குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"சத்தத்துல தூங்க மாட்டேங்குதா கண்ணு?" என்று கேட்டேன்.

"பரவாயில்லைங்க தாத்தா. பழகீரும்."

"பழகாது. எனக்குப் பழகுனதுல பாதிக் காது போச்சு. பரவாயில்லைன்னு சொல்லாத. மனு எழுது."

"யார் மேலங்க?"

"என் மேலதான். நோட்டீசு வந்தாத்தான் எனக்குக் கை ஓடும்."

அந்தப் பெண் பயந்துபோய் வீட்டுக்காரரைக் கூப்பிட்டது. பக்கத்து வீட்டோடு எதற்குங்க வம்பு, உங்களுக்கும் வயசாயிற்று, இந்த மனை நல்ல விலை போகும், விற்றுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று அவர் எனக்கே நல்லது சொன்னார். என் மகனும் அதையேதான் சொல்கிறான். ஊரே சொல்கிறது. நான் விற்க மாட்டேன். தறியை நிறுத்த மாட்டேன். அந்தக் குழந்தை தூங்காமல் கிடக்கவும் விட மாட்டேன். இரண்டும் எப்படி நடக்கும் என்று அவர் கேட்டார். 'எனக்கும் தெரியாதுங்க, நடத்தோணும்' என்று நீங்கள் சொன்ன பதில்தான் என் வாயில் வந்தது.

பட்டறையிலிருந்து துணி வந்துவிட்டது. உங்கள் வீட்டம்மா தினமும் பத்து மணிக்கு வந்துவிடுகிறார். வலது கை இன்னும் வரவில்லை, இடது கையால் சாக்பீஸ் பிடித்துக் கோடு போடுகிறார். கோட்டின் மேல் நான் மடிக்கிறேன். "கோணலு... பிரிங்க" என்கிறார். பிரிக்கிறேன். "உங்க... தம்பி... இப்படியா... மடிச்சாரு?" என்கிறார். ஒரு பேச்சைச் சொல்லி முடிக்க அவருக்கு நேரமாகிறது, ஆனால் ஒன்றையும் பாதியில் விடுவதில்லை. நானும் முழுசாக வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

நேற்று அந்த மேற்கு வீட்டுப் பெண் மனுவை எழுதி எடுத்துவந்து எனக்குப் படித்துக் காட்டியது. 'கொஞ்சம் தொந்தரவாக உள்ளது' என்று எழுதியிருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். 'தாங்க முடியவில்லை' என்று எழுது கண்ணு என்றேன். எழுதியது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சுவிட்சைப் போட்டுவிட்டு, அந்த மனுவோடு நானும் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறேன்.